படிகளின் உயரம் மாறாமல் இருக்க: பல்நிலை இன்வெர்ட்டர் குறித்து ஓர் எளிய விளக்கம்

நீலகிரியில் 1932-ஆம் ஆண்டு பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய நாளிலிருந்து, பிறகு கொழும்புத் திட்டத்தின்படி கனடா நாட்டு உதவியோடு குந்தா மின்நிலையங்கள் எழுந்த காலம் வரைக்கும், இந்த மலையிலிருந்து கீழே இறங்கிய மின்சாரம் முழுவதும் சுழலும் இயந்திரத்தில் பிறந்தது. மேலிருந்து விழும் நீர் சக்கரத்தைச் சுற்றுகிறது. சக்கரத்தோடு காந்தமும் சுற்றுகிறது. காந்தம் அருகில் வரும்போது கம்பிச்சுருளில் மின்னழுத்தம் ஏறுகிறது, விலகும்போது இறங்குகிறது, மறு துருவம் வரும்போது எதிர்த்திசையில் ஏறுகிறது. சுழற்சியில் எங்கும் வெட்டு விழுவதில்லை. ஆகவே அதிலிருந்து வரும் அலையிலும் வெட்டு இல்லை. வினாடிக்கு 50 முறை ஏறி இறங்கும் இந்த வழவழப்பான அலையைத்தான் சைன் அலை என்கிறோம். நம் வீட்டு மோட்டார்களும் மின்மாற்றிகளும் இந்த ஓர் அலையை மனத்தில் வைத்தே வடிவமைக்கப்பட்டவை.

இன்வெர்ட்டருக்குள் சுழலும் பொருள் ஏதும் கிடையாது. ஒரு பக்கம் பேட்டரியோ சூரியத் தகடோ தரும் நேர்மின்சாரம் இருக்கிறது. மறுபக்கம் சைன் அலை வேண்டும். நடுவில் இருப்பவை திறக்கவும் மூடவும் மட்டுமே தெரிந்த சில சுவிட்சுகள். இந்தச் சுவிட்சுகளை வைத்துக்கொண்டு வளைவான அலையை எப்படிக் கட்டுவது, கட்டிய அலையின் உயரம் சுமை மாறும்போதும் மாறாமல் எப்படிக் காப்பது என்ற இரண்டு கேள்விகளும் பாடப்புத்தகங்களில் பெரும்பாலும் தனித்தனி அத்தியாயங்களில் வருகின்றன. முன்னதை ஹார்மோனிக்ஸ் என்றும், பின்னதை மின்னழுத்த நிலைத்தன்மை என்றும் பிரித்துக் கற்கிறோம். மேல், கீழ் என்ற இரண்டு நிலைகளோடு நில்லாமல் பல படிகளாக அலையைக் கட்டும் பல்நிலை இன்வெர்ட்டரில் இவ்விரண்டும் ஒரே சிக்கலின் இரு முகங்கள் என்பதே என் எண்ணம். அதைத் தொடக்கத்திலேயே உணர்ந்துகொண்டவருக்கு மற்றவை எளிதாக விளங்கும்.

மிக எளிய இன்வெர்ட்டரிலிருந்து தொடங்குவோம். பேட்டரியை ஒரு முறை நேராகவும் அடுத்த முறை திருப்பியும் இணைத்தால் மின்னழுத்தம் மேலே ஒரு நிலை, கீழே ஒரு நிலை என்று மாறி மாறி வரும். இது சதுர அலை. சதுர அலைக்குள் 50 ஹெர்ட்ஸ் சைன் அலை நிச்சயமாக இருக்கிறது; ஆனால் அது தனியாக இல்லை. திரும்பத் திரும்ப வரும் எந்த அலையையும் பல சைன் அலைகளின் கூட்டுத்தொகையாகப் பிரித்துவிடலாம் என்று பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபூரியே காட்டியிருக்கிறார். அவர் வழியில் சதுர அலையைப் பிரித்தால் 50 ஹெர்ட்ஸுடன் 150, 250, 350 என்று ஒற்றைப்படை மடங்கு அதிர்வெண்கள் வரிசையாக வெளிப்படும். மூன்றாம் மடங்கின் அளவு மூல அலையில் மூன்றிலொரு பங்கு, ஐந்தாம் மடங்கு ஐந்திலொரு பங்கு, ஏழாம் மடங்கு ஏழிலொரு பங்கு. வேண்டாத இந்த அலைகளையே ஹார்மோனிக்ஸ் என்கிறோம். தமிழில் சீரிசை அலைகள் என்று சொல்வதுண்டு. இவை அனைத்தையும் சேர்த்து, மூல அலையோடு ஒப்பிட்டுச் சொல்லும் அளவு மொத்தச் சீரிசைத் திரிபு. சதுர அலைக்கு அது ஏறத்தாழ 48 சதவீதம்.

ஆடிக் காற்றில் சீகை மரமோ கற்பூர மரமோ கம்பியின்மேல் சாய்ந்து மின்சாரம் நின்றுபோகும் இரவுகளில் மலிவான இன்வெர்ட்டரை வைத்திருக்கும் வீடுகளில் இந்த 48 சதவீதத்தைக் காதாலேயே கேட்கலாம். மலையில் மின்விசிறி வைத்திருக்கும் வீடு குறைவு. ஆகவே கீழே மேட்டுப்பாளையத்திலும் கோவையிலும் விசிறியின் இரைச்சலில் தெரிவது எங்களுக்கு ஃபிரிட்ஜின் உறுமலில் தெரிகிறது.

இதைத் திருத்த முதற்படி, மேல்நிலைக்கும் கீழ்நிலைக்கும் நடுவே சுழியம் என்ற ஒரு நிலையைச் சேர்ப்பது. அலை மேலே போகும் முன் சிறிது நேரம் சுழியத்தில் நிற்கட்டும். கீழே போகும் முன்னும் அப்படியே நிற்கட்டும். இப்போது மூன்று நிலைகள். முழுச் சுற்றை 360 பாகை என்று கொண்டால், மேலே 120 பாகை, கீழே 120 பாகை, இரண்டுக்கும் இடையே 60 பாகை வீதம் சுழியம் என்று அமைக்கும்போது ஒரு நல்ல காரியம் நடக்கிறது: மூன்றாம் மடங்கு அலை அடியோடு மறைந்துவிடுகிறது. காரணம் எளிது. இந்த மூன்றுநிலை அலையை, பாதி உயரமுள்ள இரண்டு சதுர அலைகளின் கூட்டாகப் பார்க்கலாம்; இரண்டாவது, முதலாவதைவிட 60 பாகை பிந்தி வருகிறது. மூல அலைக்கு 60 பாகைத் தாமதம் என்பது மூன்று மடங்கு விரைவாக ஓடும் அலைக்கு 180 பாகைத் தாமதம். அதாவது ஒன்றின் மூன்றாம் மடங்கு மேலே ஏறும் நேரத்தில் மற்றதன் மூன்றாம் மடங்கு அதே அளவு கீழே இறங்குகிறது. இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. வடிகட்டி ஏதும் வைக்காமல், சுவிட்சைத் திறக்கும் நேரத்தை மாற்றியதாலேயே ஓர் அலையை ஒழித்திருக்கிறோம். திரிபு 48-இலிருந்து 31 சதவீதமாகக் குறைகிறது.

ஆனால் ஐந்தாம், ஏழாம் மடங்குகள் அப்படியே நிற்கின்றன: முறையே மூல அலையில் 20 சதவீதமும் 14 சதவீதமும். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் இடையே உள்ள ஒரு சிறு தேயிலைத் தொழிற்சாலையில், இலை வாட்டும் ட்ரஃபின் (நீண்ட தொட்டியின்) விசிறி மோட்டார் இவ்வகைப் பழைய மும்முனை இன்வெர்ட்டரில் (மூன்று கம்பிகளில் ஒன்றையடுத்து ஒன்றாக மூன்று அலைகளைத் தருவது) ஓடியதைப் பார்த்திருக்கிறேன். ஐந்து குதிரைத்திறன் மோட்டார், சுமை அதிகமில்லை, வெளியே விரல் விறைக்கும் குளிர். ஆனாலும் மோட்டாரின் முதுகில் உள்ளங்கையை வைத்தால் மூன்று எண்ணுவதற்குள் எடுத்துவிட வேண்டியிருந்தது. விசிறியின் காற்றோசைக்கு அடியில் மெல்லிய, விடாத ஒரு ரீங்காரம். மும்முனை மோட்டாரில் ஐந்தாம் மடங்கு அலை உருவாக்கும் காந்தப்புலம் மோட்டார் சுற்றும் திசைக்கு எதிர்த்திசையில் சுற்றுகிறது. ஏழாம் மடங்கின் புலம் அதே திசையில், ஆனால் ஏழு மடங்கு வேகத்தில் சுற்றுகிறது. சுழலியிலிருந்து பார்த்தால் இரண்டுமே 300 ஹெர்ட்ஸ் அதிர்வாகத் தெரியும். அந்த ரீங்காரம் அதுதான். இலையை வாட்டுவதில் அதற்குப் பங்கில்லை. அது தின்னும் மின்சாரம் கம்பிச்சுருளையும் இரும்பையும் சூடாக்குவதற்கே போகிறது.

மூன்று நிலைகள் போதாது என்றால் ஐந்து, ஏழு, ஒன்பது என்று கூட்டலாம். கேத்தி பள்ளத்தாக்கின் சரிவில் உருளைக்கிழங்கும் கேரட்டும் பயிரிட்ட படிமேடைகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாலே மேடைகளாக வெட்டினால் ஒவ்வொன்றும் ஆளுயரச் சுவராக நிற்கும். நாற்பதாக வெட்டினால் தொலைவிலிருந்து பார்ப்பவருக்குச் சரிவே தெரியும். சைன் அலையைச் சம உயரப் படிகளால் நெருக்கமாகப் பின்தொடரும்போது ஐந்து நிலையில் திரிபு ஏறத்தாழ 18 சதவீதம், ஏழு நிலையில் ஏறத்தாழ 12 சதவீதம் என்று கணக்கு வருகிறது. இது படிகளை மட்டும் கொண்ட கணக்கு. ஒவ்வொரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே வினாடிக்குப் பல்லாயிரம் முறை சுவிட்சைத் திறந்து மூடி, திறந்திருக்கும் நேரத்தின் அளவை மாற்றிக்கொண்டே போனால் சராசரி மின்னழுத்தம் வளைவாகவே அமையும். இதைத் துடிப்பு அகலப் பண்பேற்றம் என்பர். எஞ்சும் குப்பை அப்போது 10,000 ஹெர்ட்ஸ் போன்ற உயர் அதிர்வெண்ணுக்குத் தள்ளப்படுகிறது. அங்கே அதை ஒரு சிறிய சோக்கும் (கம்பிச்சுருள்) கெப்பாசிட்டரும் (மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் உறுப்பு) எளிதாகத் தடுத்துவிடும்.

நிலைகளைக் கூட்டுவதில் இன்னொரு நன்மையும் உண்டு. 700 வோல்ட் நேர்மின்சாரத்தில் இருநிலை இன்வெர்ட்டரின் ஒவ்வொரு தாவலும் 700 வோல்ட். மூன்றுநிலையில் 350 வோல்ட். தாவல் சிறுத்தால் மோட்டார் சுருளின் காப்புக்கும் பேரிங்குக்கும் வரும் அடி குறைகிறது. சுவிட்சும் பாதி மின்னழுத்தத்தைத் தாங்கினால் போதும்.

இந்தப் படிகளைக் கட்டும் முறைகள் பல. 1981-இல் நபே, தகஹாஷி, அகாகி என்ற ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட முறையில், இரண்டு கெப்பாசிட்டர்களை வரிசையாக இணைத்து, அவற்றின் நடுப்புள்ளியை டையோடுகள் (ஒரு திசையில் மட்டும் மின்னோட்டத்தை விடும் உறுப்புகள்) வழியாக மூன்றாவது நிலையாகப் பயன்படுத்துகிறார்கள். மிதக்கும் கெப்பாசிட்டர் முறை வேறொன்று. தனித்தனிப் பேட்டரியோ சூரியத் தகடோ கொண்ட சிறு பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் முறை மற்றொன்று. அதில் இரண்டு பெட்டி அடுக்கினால் ஐந்து நிலை, மூன்று அடுக்கினால் ஏழு. இந்த அடுக்கு முறையின் வழியில் ஜெர்மனியில் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான வகைதான் இன்று புகளூரிலிருந்து கேரளத்தின் திருச்சூருக்கு 2021 முதல் 2000 மெகாவாட் வரை கொண்டுசெல்லும் 320 கிலோவோல்ட் நேர்மின்சார இணைப்பில் இருக்கிறது. அங்கே நூற்றுக்கணக்கான படிகள் இருப்பதால் வெளிவரும் அலை ஏறத்தாழத் தூய சைன் அலை.

இனி விஷயத்தின் மையத்துக்கு வருவோம். மேலே சொன்ன சதவீதங்கள் அனைத்தும் ஒரு நிபந்தனையின் பேரில் நிற்கின்றன: படிகள் எல்லாம் சம உயரம் கொண்டவை என்பதே அது. உண்மையில் படியின் உயரம் என்பது ஒரு கெப்பாசிட்டரின் மின்னழுத்தம். கெப்பாசிட்டரில் மின்னோட்டம் புகுந்தால் அது ஏறும், வெளியேறினால் இறங்கும். 700 வோல்ட்டைச் சமமாகப் பிரித்த இரண்டு கெப்பாசிட்டர்களில் மேலது 380 வோல்ட்டாகவும் கீழது 320 வோல்ட்டாகவும் விலகிவிட்டதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் இன்னும் 700-தான்; மீட்டரை வெளிமுனையில் வைத்துப் பார்ப்பவருக்குக் குறை தெரியாது. ஆனால் நாம் முன்பு பார்த்த 120 பாகை அலையில் மேல் பாதி 380 வோல்ட்டும் கீழ்ப் பாதி 320 வோல்ட்டுமாக இப்போது வெளிவருகிறது. சராசரி எடுத்தால் 20 வோல்ட் நேர்மின்னழுத்தம் மாறுமின்சாரத்துக்குள் நுழைந்திருக்கிறது. இந்த முனையில் சுருளின் மின்தடை ஒரு ஓம் கொண்ட மின்மாற்றி இருந்தால், அதில் 20 ஆம்பியர் ஒரே திசையில் பாய்ந்து, மேலும் காந்தமேற்க இடமில்லாதபடி இரும்பைத் திகட்டச் செய்துவிடும். அத்தோடு, சமச்சீரான அலையில் ஒருபோதும் இருக்கக்கூடாத 100 ஹெர்ட்ஸ் அலை, மூல அலையில் 4 சதவீதத்துக்கு மேல் பிறக்கிறது. நிலைத்தன்மை குலைந்த இடத்திலேயே ஹார்மோனிக்ஸ் பிறந்துவிட்டது. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க இயலாது என்று நான் சொன்னதற்குக் காரணம் இதுவே. சுவிட்சுகளுக்கும் ஆபத்து உண்டு: 350 வோல்ட்டை எண்ணித் தேர்ந்தெடுத்தவை கூடுதல் சுமையைச் சுமக்கின்றன.

ஏன் விலகுகிறது? கெப்பாசிட்டர்கள் இரண்டும் அச்சு அசலாக ஒன்றாக இருப்பதில்லை. சுவிட்சுகள் திறக்கும் நேரத்தில் மைக்ரோ வினாடி வேறுபாடு இருக்கும். மூன்று முனைகளின் சுமையும் சமமாக இருக்காது. நடுப்புள்ளியிலிருந்து எடுக்கப்படும் மின்னோட்டம் ஒரு பக்கம் சிறிதே சாய்ந்தாலும், அது சுற்றுக்குச் சுற்று சேர்ந்துகொண்டே போகும்.

சரிசெய்யும் வழி, காவடியில் தண்ணீர் சுமப்பவர் செய்வதை ஒத்தது. இரண்டு குடங்களில் ஒன்று கனத்தால் அவர் குடத்தை இறக்கி வைத்து நீரை அளப்பதில்லை. நடந்தபடியே தோளில் தண்டை ஓர் அங்குலம் நகர்த்துகிறார். மூன்றுநிலை இன்வெர்ட்டரிலும் மூன்று முனைகளின் மின்னழுத்தத்தோடும் ஒரே அளவான ஒரு சிறு கூட்டலைச் சேர்க்கலாம். மும்முனை மோட்டார் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் உள்ள வேறுபாட்டை மட்டுமே காண்பதால், மூன்றிலும் ஒன்றாகச் சேர்த்தது கழிந்துபோகும். ஆனால் நடுப்புள்ளியின் மின்னோட்டம் மட்டும் வேண்டிய பக்கம் சாயும். அடுக்கு முறையில் இது இன்னும் நேரடியானது. ஐந்துநிலை அடுக்கில் ஒரு படி உயரத்தைத் தர முதல் பெட்டியையும் பயன்படுத்தலாம், இரண்டாவதையும் பயன்படுத்தலாம்; வெளியே இரண்டும் ஒன்றே. ஆகவே கட்டுப்பாட்டு நிரல் ஒவ்வொரு முறையும் இரண்டு பெட்டிகளின் கெப்பாசிட்டர்களையும் அளந்து, மின்சாரம் வெளியேறும் நேரத்தில் நிறைந்ததையும், உள்ளே வரும் நேரத்தில் குறைந்ததையும் தேர்ந்தெடுக்கிறது. இவ்வளவு எளிய விதி இவ்வளவு பெரிய இயந்திரத்தைக் காப்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

அடுத்தது, மொத்த உயரம். 230 வோல்ட் என்று நாம் சொல்வது ஒருவகைச் சராசரி. அலையின் உச்சி 325 வோல்ட். 700 வோல்ட் நேர்மின்சாரத்தின் பாதி 350. உச்சியை இதனால் வகுத்தால் 0.93, இந்த எண்ணைப் பண்பேற்றக் குறியெண் என்பர். சுமை ஏறி வெளிமுனை மின்னழுத்தம் தாழ்ந்தால், அதை அளந்து திருத்திக்கொண்டே இருக்கும் கட்டுப்பாட்டு வளையம் இதைச் சற்று உயர்த்தும், ஏறினால் தாழ்த்தும். இப்போது ஊட்டியில் பிற்பகல் மூடுபனி ஏறிச் சூரியத் தகடுகளை மூடுகிறது என்று கொள்வோம். 700 வோல்ட் 620-ஆக இறங்குகிறது, பாதி 310. 325 உயர அலையை 310 உயரக் கூரைக்குள் நிறுத்த முடியாது, குறியெண் 1.05 ஆகிவிட்டது. அலையின் உச்சி தட்டையாக நறுக்கப்பட்டு, அதிலிருந்து மூன்றாம், ஐந்தாம் மடங்குகள் திரும்ப வருகின்றன. மீண்டும் அதே பாடம்: உள்ளே மின்னழுத்தம் தளர்ந்தது, வெளியே ஹார்மோனிக்ஸாகத் தெரிகிறது.

இங்கே ஒரு நுட்பம் கைகொடுக்கிறது. மூன்று முனைகளிலும் ஒன்றாகச் சேர்த்தது கழிந்துபோகும் என்று மேலே பார்த்தோம் அல்லவா? அதே இடைவெளியில் மூன்றாம் மடங்கு அலையையே நாமாகச் சிறிதளவு சேர்த்தால், ஒவ்வொரு முனை அலையின் உச்சியும் அமுங்கும். ஆனால் முனைகளுக்கு இடையிலான அலை தூய சைனாகவே இருக்கும். இதனால் குறியெண் 1.15 வரை போகலாம். மேலே சொன்ன 1.05 பாதுகாப்பாக உள்ளே அடங்கிவிடும். துரத்திய அலையையே அழைத்துவந்து காவலுக்கு வைக்கும் இந்த உத்தி, நடுக்கம்பி (நியூட்ரல்) இணைக்காத மும்முனைச் சுமைக்கே பொருந்தும். நடுக்கம்பி இருந்தால் மூன்று முனைகளின் மூன்றாம் மடங்கும் அதில் ஒன்றுசேர்ந்து பாய்ந்து அதைச் சூடாக்கும்.

இன்வெர்ட்டர் மின்வாரியக் கம்பியோடு இணையும்போது, கம்பியின் நீளமும் கணக்கில் வருகிறது. மின்மாற்றியிலிருந்து தொலைவில், ஹட்டியின் (படுகர் ஊரின்) கடைசி வீட்டுக்குப் போகும் கம்பியில் போகவும் வரவும் சேர்த்து ஒரு ஓம் மின்தடை என்று கொள்வோம். குளிர்காலக் காலையில் கீசர் 15 ஆம்பியர் எடுத்தால் அங்கே 230 வோல்ட் 215 ஆகும். நடுப்பகலில் யாரும் எதையும் பயன்படுத்தாதபோது கூரைத் தகடு அதே 15 ஆம்பியரைத் திருப்பி அனுப்பினால் 245 ஆகும். தாழ்வழுத்தக் கம்பியில் அனுமதிக்கப்படும் ஏற்ற இறக்கம் 6 சதவீதம், அதாவது ஏறத்தாழ 216 முதல் 244 வரை. காலையிலும் நடுப்பகலிலும் எல்லை தாண்டிவிடுகிறது. உயரழுத்தக் கம்பியில் ரியாக்டிவ் பவரை (வேலை செய்யாமல் கம்பியில் போய் வந்துகொண்டிருக்கும் மின்திறனை) கூட்டிக் குறைத்தே இதைப் பெருமளவு சரிசெய்யலாம். மெல்லிய தாழ்வழுத்தக் கம்பியில் மின்தடையே ஓங்கி நிற்பதால் அந்த வழிக்குப் பலன் குறைவு. நடுப்பகலில் அனுப்பும் மின்சாரத்தைக் குறைக்கவோ, பேட்டரியில் சேர்க்கவோ வேண்டியிருக்கும். விற்பனையாளர்கள் இதைச் சொல்வதில்லை. வாங்குபவர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கடைசியாக வடிகட்டி. சோக்கும் கெப்பாசிட்டரும் சேர்ந்தால் அவற்றுக்கென்று இயல்பான ஓர் அதிர்வெண் அமைந்துவிடும். ஊஞ்சலுக்கு அதற்கென்று ஒரு வீச்சு இருப்பதைப்போல. 2 மில்லிஹென்றி சோக்கும் 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் இருந்தால் அது 1125 ஹெர்ட்ஸ். 50-க்கு வெகு மேலே, 10,000-க்கு வெகு கீழே என்பதால் பார்வைக்கு நல்ல தேர்வுதான். ஆனால் மோட்டாரை இயக்கும் ரெக்டிஃபயர் (மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் சுற்று) போன்ற சுமைகள் உமிழும் 23-ஆம் மடங்கு 1150 ஹெர்ட்ஸ். ஊஞ்சலின் வீச்சுக்கு ஏற்றபடி யாரோ தள்ளிக்கொண்டே இருப்பதற்கு ஒப்பாகும் அது. சிறு அலை பேரலையாக வளரும். கெப்பாசிட்டரோடு ஒரு சிறு மின்தடையைச் சேர்ப்பது பழைய தீர்வு. கொஞ்சம் மின்சாரம் வெப்பமாக வீணாகும். கெப்பாசிட்டரின் மின்னோட்டத்தை அளந்து, அதிர்வுக்கு எதிராக இன்வெர்ட்டரையே தள்ளச் செய்வது புதிய தீர்வு. அதற்கு உள்ளிருக்கும் மின்னோட்ட வளையம், வெளியிருக்கும் மின்னழுத்த வளையத்தைவிடப் பல மடங்கு விரைவாக இயங்க வேண்டும். இரண்டும் ஒரே வேகத்தில் ஓடினால் ஒன்றன் திருத்தத்தை மற்றது பிழை என்று எண்ணி மீண்டும் திருத்தும்.

இயங்கும் பல்நிலை இன்வெர்ட்டர் ஒன்றைச் சோதிக்க நேர்ந்தால், மொத்தத் திரிபைக் காட்டும் ஒற்றை எண்ணோடு நின்றுவிடாதீர்கள். மின்பொறியாளர் அமைப்பான ஐ.ட்ரிப்பிள்.இ. வகுத்த 519 என்ற தரம் 1000 வோல்ட் வரையிலான மின்னழுத்தத்துக்கு மொத்தம் 8 சதவீதத்தையும், தனி ஒரு மடங்குக்கு 5 சதவீதத்தையும் எல்லையாக வைக்கிறது. மேலே பார்த்த 4 சதவீத 100 ஹெர்ட்ஸ் அலை அந்த எல்லைக்குள் எளிதாக ஒளிந்துகொள்ளும். அதிர்வெண் வரிசையைத் திரையில் விரித்து, 250-ஐயும் 350-ஐயும் பார்க்கும் முன் 100-ஐப் பாருங்கள். அங்கே ஒரு சிறு முளை எழுந்திருந்தால், வடிகட்டியைத் தொடாமல், மின்சாரத்தைத் துண்டிக்கும் முன்பே, உரிய காப்புக் கையுறையோடு இரண்டு கெப்பாசிட்டர்களின் மின்னழுத்தத்தையும் தனித்தனியாக அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.